விட்டுப் போனது அவர்கள். பில் கட்டுவது யார்?

கேள்வி (காரைக்குடி): ஒன்பது நாள் வெளியூர்ப் பயணம். நாயைக் காசு கொடுத்து ஒரு காப்பகத்தில் விட்டோம். கூட்டி வந்த ஐந்தாம் நாள் சோற்றைத் தொடவில்லை. காய்ச்சல், மூக்கில் ரத்தம். டாக்டர் உண்ணிக் காய்ச்சல் என்கிறார். காப்பகத்தாரோ, "நீங்க கொண்டாந்து விட்டப்பவே உண்ணி இருந்துச்சு" என்கிறார்கள். புகார் கொடுத்தால் நிற்குமா?

பதில்: கொடுக்கலாம். நிற்குமா என்பது உங்களிடம் என்ன சீட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்தக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா என்ற கிருமி உள்ள உண்ணி கடித்தால், காய்ச்சல் காட்டப் பெரும்பாலும் 8 முதல் 20 நாள் ஆகும். உங்கள் நாய்க்கு, காப்பகத்தில் விட்டதிலிருந்து 14-ஆம் நாள் காட்டியிருக்கிறது. பின்னால் எண்ணிப் பாருங்கள். விடுவதற்கு ஆறு நாள் முன்பிலிருந்து காப்பகத்தில் ஆறாம் நாள் வரை, எப்போது வேண்டுமானாலும் கடித்திருக்கலாம். ஆக, நாள் கணக்கை மட்டும் வைத்து நீங்களும் ஜெயிக்க முடியாது, அவர்களும் ஜெயிக்க முடியாது.

வேறு என்ன இருக்கிறது என்று தேடுங்கள். உண்ணி மருந்து வைத்த தேதியுள்ள சீட்டு, விட்ட அன்று எடுத்த படம், காப்பகத்தார் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள். அந்தப் படங்களைப் பெரிதாக்கி, காது மடலின் உள்பக்கத்தைப் பாருங்கள். முதல் நாள் சுத்தமாக இருந்த காதில் ஏழாம் நாள் மொச்சைக்கொட்டை போல ஒன்று ஒட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது. ரத்தப் பரிசோதனை முடிவையும் டாக்டரின் குறிப்பையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை வழக்கமாக நான்கு வாரம் ஓடும். கடைசி பில் வரை சேர்த்து வையுங்கள்.

காசு கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குப் பொருந்தும். முதலில் தொகையைக் குறிப்பிட்டு, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் சொல்லி வைக்கலாம். பல விஷயங்கள் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். காப்பகம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று ரசீதில் அச்சடித்திருந்தால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். அசட்டைக்கு அந்த ஒரு வரி மன்னிப்புச் சீட்டு ஆகிவிடாது.

அடுத்த முறை, விடும் இடத்திலேயே வெளிச்சத்தில் நிறுத்தி, ஆளையும் வைத்துக்கொண்டு வீடியோ எடுங்கள்: காதுக்குள், கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், வால் அடி. ரசீதில் "உண்ணி இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் இடத்தில் விடாதீர்கள். வீட்டில் பூனையும் இருந்தால் ஒரு எச்சரிக்கை: நாயின் முதுகில் விடும் உண்ணிச் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை உண்டு. அது பூனையைக் கொல்லும். மிச்சம் இருக்கிறதே என்று அதற்கும் இரண்டு சொட்டு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): பக்கத்து வீட்டு ஆச்சி சென்னைக்குப் போகும்போது, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று நாயை விட்டுப் போனார்கள். காசு பேசவில்லை. மூன்று நாளும் எங்கள் வீட்டுக் கோழிக்குழம்புச் சோறு போட்டோம். ஐந்தாம் நாள் ஈறு வெளுத்து, மூத்திரம் தேயிலைத் தண்ணி நிறத்தில் போனது. ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது?

பதில்: குற்றவாளி கோழி அல்ல, வெங்காயமும் பூண்டும். இவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே போதும். பத்துக் கிலோ நாய்க்கு 150 கிராம் என்றால், உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடிதான். நம் பக்கத்துக் குழம்பு அதற்குமேல் போட்டுத்தானே கொதிக்கிறது! பூனைக்கு இன்னும் குறைவு, கிலோவுக்கு 5 கிராம். தின்ற அன்றே எதுவும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது இன்னொரு நஞ்சு.

காசில்லாமல் செய்த உதவி நுகர்வோர் ஆணையத்துக்குள் வராது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 பேசும் விஷயம் இது. ஒருவர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், தன் பொருளை ஒரு சராசரி மனிதர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்க வேண்டும் (பிரிவு 151). கூலி வாங்காதவருக்கு, அவசியமான செலவை உடைமைக்காரர் திருப்பித் தர வேண்டும் (பிரிவு 158). ஆச்சி "வெங்காயம் போடாதீக" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் செலவு உங்கள் தலையில். சொல்லவில்லை என்றால் அவர்களைக் கேட்பதில் தவறில்லை. பக்கத்து வீடு என்பதால் பாதிப் பாதி பேசி முடிப்பதே என் யோசனை.

கேள்வி (கானாடுகாத்தான்): பங்காளிகள் வீட்டுக்கு நாங்கள் காவல். விருந்தாளி ஒருவர் விட்டுப்போன நாய் பட்டாலையில் (கூடத்தில்) மூத்திரம் போய்க் கறை ஆனது. ஆசிட் ஊற்றிக் கழுவினோம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வெளுத்துவிட்டது. விருந்தாளியிடம் கேட்கலாமா?

பதில்: கறைக்குக் கேட்கலாம், வெளுப்புக்கு முடியாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. ஆசிட் பட்டால் நுரைத்து மேல் வண்ணத்தையே தின்றுவிடும். எலுமிச்சையும் வினிகரும்கூட ஆகாது. உடனே துணியால் ஒற்றியெடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சோப்புக் கலந்து துடைத்து, காய்ந்தபின் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்திருந்தால் போதும். புதுக் கல் ஆத்தங்குடியில் கிடைக்கும். பழைய கல்லின் நிறத்தோடு சேராது என்பதைப் பங்காளிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): பார்த்துக்கொள்ளச் சொன்ன பசு கன்று போட்டது. கன்று யாருக்கு?

பதில்: மாட்டுக்காரருக்கே. அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 163-இல் எடுத்துக்காட்டே பசுவும் கன்றும்தான். வாரத்துக்கு (பங்குக்கு) வளர்ப்பதாக முன்பே பேசியிருந்தால் மட்டும் அந்தப் பேச்சுப்படி.

கேள்வி (புதுவயல்): மச்சினர் கூண்டுப் பச்சைக்கிளியை ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். என்ன தீனி போடலாம்?

பதில்: வாங்கவே வேண்டாம். நம் நாட்டுப் பச்சைக்கிளியை வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். யாருடைய கிளி என்று பார்க்க மாட்டார்கள், யார் வீட்டில் கூண்டு தொங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள். வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். திறந்து பறக்க விட்டால், கூண்டிலேயே வளர்ந்தது காக்கைக்குத்தான் இரை.