‘கொரெக்’ என்று சொல்லிவிட்டு நகராமல், தாளில் கணக்குப் பார்க்க

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வயது 46, கத்ர் போர்னில் வாடகை வீடு, எபேனில் வேலை, மனைவியும் பிளஸ் டூ படிக்கும் மகளும் திருச்சியில். மொரிசியஸ் வந்து எட்டு மாதம். சம்பளத்தில் குறையில்லை. ஆனாலும் “நான் நல்லா இருக்கேனா, நல்லா இருக்கிற மாதிரி காட்டிக்கிறேனான்னே தெரியலை. இதை எப்படி அளக்கிறது?”

இங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் “கி மான்யேர்?” (மொரிசியஸின் கிரியோல் மொழியில் ‘எப்படி இருக்கீங்க?’) என்பார்கள், நாமும் “கொரெக்” (‘நல்லா இருக்கேன்’) என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். தெருவில் அது சரியான பதில்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, தமிழில் இருக்கும் மூன்று சொற்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்: திருப்தி, சந்தோஷம், நிம்மதி. மூன்றும் ஒன்றல்ல. சம்பளம் முதல் சொல்லைத் தூக்கும், மூன்றாவதைத் தொடாமலே போகலாம். மூன்றையும் சேர்த்து ஒரே மார்க் போடப் போனால் உங்களுக்கு வந்த குழப்பம்தான் வரும்.

திருப்திக்கு, உளவியலாளர் எட் டீனரும் கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்ட ஐந்து வாக்கிய அளவுகோல் போதும். என் வாழ்க்கை பெரும்பாலும் நான் நினைத்தபடி இருக்கிறது; என் வாழ்க்கைச் சூழல் மிக நன்றாக இருக்கிறது; என் வாழ்க்கையில் எனக்குத் திருப்தி; முக்கியமாக வேண்டியதெல்லாம் இதுவரை கிடைத்திருக்கிறது; மறுபடி வாழச் சொன்னாலும் ஏறக்குறைய எதையும் மாற்றமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடுங்கள். ‘சுத்தமாக இல்லை’ என்றால் 1, ‘முழுக்க உண்மை’ என்றால் 7. கூட்டினால் 5-க்கும் 35-க்கும் நடுவில் வரும். 20 நடுக்கோடு, 21 முதல் 25 வரை ஓரளவு திருப்தி, 26-உம் அதற்கு மேலும் நல்ல திருப்தி, 15 முதல் 19 வரை லேசான குறை, 14-உம் அதற்குக் கீழும் யோசிக்க வேண்டிய குறை.

குடும்பத்தை விட்டு வந்தவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நான்காம், ஐந்தாம் வாக்கியங்கள் கடந்த காலத்தைக் கேட்பவை. “மறுபடி வாழ்ந்தால்” என்றதும் மகள் வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்காதது நினைவுக்கு வரும், கை தானாக 2 போடும். எனவே முதல் மூன்றின் கூட்டுத்தொகையை (21-க்கு எத்தனை) தனியாக எழுதிவையுங்கள். அது 15, கடைசி இரண்டும் சேர்ந்து 5 என்றால் இன்றைய வாழ்க்கை கெட்டுவிடவில்லை, ஒரு பழைய முடிவு உறுத்துகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

அடுத்தது, அதே திருப்திக்கு ஓர் ஏணி. 1965-இல் அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் அறிமுகப்படுத்தியது. உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவதும் இதை வைத்துத்தான். 0 உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக மோசமான வாழ்க்கை, 10 மிகச் சிறந்தது. எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஐந்து வருடம் முன்பு எந்தப் படி? இன்னும் ஐந்து வருடத்தில்? இன்றைய படி 6, வரப்போவது 4 என்று கை எழுதினால், மற்ற எண்களைவிட அதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

ஏணியைக் கெடுப்பது ஒப்பீடு. மொரிசியஸ் ரூபாயை இந்திய ரூபாயாக்கினால் தொகை பெருகித் தெரியும்; வாடகையும் காய்கறியும் போவதோ மொரிசியஸ் ரூபாயில். கூடப் படித்தவர்கள் திருச்சியில் கட்டிய வீடு ஒரு பக்கம், தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் சொந்த வீடும் சொந்தபந்தமும் மறுபக்கம். இரண்டோடும் உங்களை நிறுத்திப் பார்த்தால் இரண்டிலும் தோற்பீர்கள். ஏணியில் எண் போடும்போது மனதில் யார் முகம் வந்தது என்று பக்கத்தில் ஒரு வார்த்தை குறித்துவிடுங்கள்.

சந்தோஷத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: உற்சாகமாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, தூங்கி எழுந்தபோது தெளிவாக இருந்தேனா, நாள் எனக்குப் பிடித்த விஷயங்களால் நிறைந்திருந்ததா. எப்போதும் என்றால் 5, ஒருபோதும் இல்லை என்றால் 0. கூட்டி 4-ஆல் பெருக்குங்கள். 2, 3, 2, 1, 2 என்று வந்தால் 10, அதாவது நூற்றுக்கு 40. 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் டாக்டரைப் பாருங்கள். அது நோய்ப் பெயர் அல்ல, மேலே விசாரிக்கச் சொல்லும் மணி. போகும்போது ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்: சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், சைவம் என்றால் பி12. சர்க்கரை நோய் மிகுந்த நாடுகளில் மொரிசியஸும் ஒன்று. நாற்பதைத் தாண்டிய சோர்வை எல்லாம் மனசுமேல் போட்டுவிட முடியாது. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால் எந்தக் கணக்கும் வேண்டாம், அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

நிம்மதிக்கு நேற்றைய நாளைச் சினிமாக் காட்சிகள்போல வெட்டுங்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட முறை இது. ‘காலை 6.45 - 7.30, பஸ், தனியாக, எரிச்சல்’; ‘மாலை 6.30 - 7.10, வீட்டுக்குப் போன், மகளோடு, சந்தோஷம், கடைசிப் பத்து நிமிடம் கவலை’. இப்படி இரவுவரை எழுதி, கவலையோ கோபமோ மேலோங்கிய நேரத்தை மட்டும் கூட்டுங்கள். விழித்திருந்த 16 மணியில் 4 என்றால் கால் பங்கு. அந்த நான்கு மணி எங்கே குவிகிறது என்று பாருங்கள். ஞாயிறு மதியம்தான் பலருக்குக் குழி. ஒரு வீட்டுப் பெயர்ப் பலகையில் தமிழ்ப் பெயர் இருக்கிறதே என்று பேச்சுத்துணை தேடுகிறோம். அந்த வீட்டில் பேசுவதோ கிரியோல்.

எந்த நாளில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். டிசம்பரில் வேண்டாம், பதின்மூன்றாம் மாதச் சம்பளம் (ஆண்டு இறுதி போனஸ்) கைக்கு வரும்போது எல்லாருக்கும் 8-ஆம் படிதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை புழுக்கம், புயல் எச்சரிக்கை. தைப்பூசக் காவடி விரத நாட்களும் நடுவில் வரும், அப்போதைய மனநிலை தனி. மே மாதம் ஒன்று, செப்டம்பர் ஒன்று, இரண்டும் புதன்கிழமை மாலை, சாப்பிட்ட பிறகு.

நடுவயதில் திருப்தி அடிமட்டத்துக்குப் போய் பிறகு ஏறும் என்று பொருளியலாளர்கள் பிளாஞ்சஃப்ளவரும் ஆஸ்வால்டும் 2008-இல் பல நாட்டுத் தரவுகளை வைத்து எழுதினார்கள். எல்லாரும் அதை ஒப்பவில்லை. சராசரிக் கோடு உங்களையும் தானாக மேலே தூக்கிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

செப்டம்பரில் எழுதும்போது மே மாதத் தாளை முதலில் பிரிக்காதீர்கள். பார்த்தால் கை அதே எண்ணுக்குத்தான் போகும். எழுதி முடித்துப் பக்கத்தில் வையுங்கள். சந்தோஷத்துக்கு நூற்றுக்குப் போட்ட அந்த எண் 10 புள்ளிக்குமேல் நகர்ந்திருந்தால் அது மாற்றம், அதற்குக் கீழே என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.