ஆயில்யத்தின் எந்தப் பாதம்?

கேள்வி: 1942ஆம் ஆண்டில் நடப்பதாக, கல்யாணத் தரகர் ஒருவரை மையமாக வைத்துக் காதல் நகைச்சுவை நாவல் ஒன்று எழுதி வருகிறேன். முதல் அத்தியாயத்திலேயே நாயகி தன் ஜாதகத்தைக் கிழித்தெறிந்துவிடுகிறாள். படித்த நண்பர்கள், ‘காலமும் தெரியவில்லை, சிரிப்பும் வரவில்லை’ என்கிறார்கள். எங்கே தவறினேன்?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: கிழித்த இடத்தில்தான். ஜாதகம் போன பிறகு உங்கள் தரகருக்கு என்ன வேலை இருக்கிறது? அந்த வீட்டில் எல்லோரும் ஜாதகத்தை நம்ப வேண்டும். நம்பிக்கொண்டே அதில் ஒரு சந்து தேட வேண்டும்.

ஆயில்ய நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்ற பேச்சையும், அதற்காகவே தாயில்லாத பிள்ளையாகத் தேடும் வழக்கத்தையும் நீங்கள் அறிவீர்கள். நாயகிக்கு ஆயில்யத்தைக் கொடுங்கள். அவள் மனத்தில் இருப்பவனுக்குக் கல்லுக்குண்டு போன்ற ஒரு தாயாரைக் கொடுங்கள். நட்சத்திரத்தின் நான்கு பாதங்களில் முதல் பாதத்துக்குத் தோஷமில்லை என்று சொல்லும் ஜோதிடர்கள் உண்டல்லவா? ஒரு பாதம் என்பது ஏறத்தாழ பதினைந்து நாழிகை, அதாவது ஆறு மணி நேரம். ஆகவே நாயகி பிறந்தது மாடு கறந்த விடியற்காலையிலா, உச்சிவேளையிலா என்பதில் முழுக் கல்யாணமும் தொங்கும். அதற்கு ஒரே சாட்சி, நாளுக்கொரு நேரம் சொல்லும் பாட்டி. அந்தப் பாட்டியின் ஞாபகத்தைத் தரகர் வெற்றிலைச் செல்லமும் கையுமாக உட்கார்ந்து மெல்லத் திருத்துவதற்கு நீங்கள் இரண்டு அத்தியாயம் ஒதுக்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆண்டை நன்றாகவே தேர்ந்திருக்கிறீர்கள், ஆனால் பயன்படுத்தவில்லை. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீச, சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் சொந்த ஊர்களுக்கு ஓடினார்கள். பட்டணத்து வேலையில் இருந்த பிள்ளைகள் தாமாகவே வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பது எந்தத் தரகருக்கும் லேசில் வாய்க்காத அறுவடை! அடுத்த வாரமே சித்திரை பிறக்கிறது. ஆடி வந்துவிட்டால் முகூர்த்தம் இல்லை. கதைக்கு வேண்டிய அவசரத்தைப் பஞ்சாங்கமே தந்துவிடுகிறது.

நாயகியின் வயதை மட்டும் இருபதுக்குக் கீழே இறக்காதீர்கள். குழந்தை மணத்தைத் தடுக்க 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு விதித்த குறைந்தபட்சத் திருமண வயதே பதினான்குதான். அந்த வயதில் நடக்கும் கல்யாணத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியில் அவள் படித்தவளாக இருக்கட்டும். ‘இருபது முடிந்தும் இன்னுமா?’ என்று ஊர் கேட்பதே தரகருக்குப் போதுமான தூண்டுகோல்.

கேள்வி: அதே நாவலில் தரகுக் கூலியை ‘ஐம்பது ரூபாய், ஐம்பது பைசா’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. நூறு பைசா கொண்ட ரூபாய் 1957இல்தான் வந்தது. ஐம்பது ரூபாய் எட்டணா என்று எழுதுங்கள். அந்த எட்டணாவுக்காகத் தரகர் மூன்று முறை நடக்கட்டும்.