சைக்கிளில் தூங்கியவருக்கு

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 41. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர் இரண்டு வருடமாக வார இறுதியில் வீட்டில் இருப்பதில்லை. முதலில் வெள்ளியங்கிரி மலையேற்றம், அப்புறம் சைக்கிள். 200 கி.மீ. பிஆர்எம் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடித்தோம். இந்த ஜூனில் 300. பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகப் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். திரும்பும்போது நான் பின்தங்கிவிட்டேன். பழனியில் ஒருவன் மட்டும் எனக்காக அரை மணி நேரம் காத்திருந்தான். அவனையும் போகச் சொல்லிவிட்டேன். இரவு பத்தரை மணிக்கு, கோமங்கலம் பக்கம், ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். லாரி ஹாரனில் கண் திறந்தபோது நடு ரோட்டில் இருந்தேன். கெடு முடியப் பத்து நிமிடம் இருக்கையில் வந்து சேர்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். தூங்கியதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும். இப்போது டிசம்பரில் 600-க்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. 2027-இல் பாரிஸில் நடக்கும் 1,200 கி.மீ. ஓட்டத்துக்குப் போக வேண்டுமாம். தயங்கினால் 'மாமாவுக்கு வயசாயிடுச்சு' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டுகிறார்கள். பயிற்சியைக் கூட்டினால் சமாளிக்க முடியுமா? அல்லது ஏதாவது காரணம் சொல்லிக் கழன்றுகொள்ளட்டுமா?

– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அன்பு நண்பருக்கு,

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த லாரியிலிருந்து தொடங்குகிறேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பியிருப்பீர்கள். அப்படியென்றால் மூன்றரைக்கு எழுந்திருப்பீர்கள். முந்தின இரவு செயினுக்கு எண்ணெய் போட்டு, லைட்டுக்கு சார்ஜ் ஏற்றி, படுக்கப் பதினொன்றாவது ஆகியிருக்கும். ஆக, கோமங்கலத்தில் நீங்கள் கண்விழித்து 19 மணி நேரம். பதினேழிலிருந்து பத்தொன்பது மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. மது இருப்பவருடைய நிலைக்குப் போய்விடுகின்றன என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வாகனம் ஓட்டுகிறவருக்கு நம் நாட்டுச் சட்டம் விட்டிருக்கும் அளவு 30 மி.கி.தான். ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் அதைத் தாண்டிய நிலையில் லாரி ஓடும் ரோட்டில் போயிருக்கிறீர்கள். அதிலும் உங்களைச் சுற்றி இரும்புக்கூடு இல்லை, ஒரு ஹெல்மெட்தான்.

இதற்குப் பயிற்சியில் மருந்து இல்லை. கால் பழகும், மூச்சு பழகும். தூக்கம் அப்படிப் பழகாது. கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று நொடி அணைந்துவிடும், அது அணைந்தது நமக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது ஹாரன் அடித்த அந்த ஒரு முறைதான். அதற்கு முன்னால் எத்தனை முறையோ!

சரி, 600-க்கு வருவோம். 300-க்குக் கெடு 20 மணி நேரம். நீங்கள் எடுத்துக்கொண்டது 19 மணி 50 நிமிடம். அதே கணக்கில் 600 போனால் 39 மணி 40 நிமிடம் ஆகும். கெடு 40 மணி. சனிக்கிழமை காலை ஆறுக்குக் கிளம்பி ஞாயிறு இரவு பத்துக்குள் வர வேண்டும். நடுவில் ஒரு முழு இரவு இருக்கிறது, உங்களுக்குத் தூங்கக் கிடைப்பது 20 நிமிடம். இதுவும் இரண்டாவது 300-ஐ முதல் 300-இன் வேகத்திலேயே மிதிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அப்படி யாரும் மிதித்து நான் பார்த்ததில்லை.

ஆகவே டிசம்பர் 600-க்குப் போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

ஆனால் உங்களை நீங்களே ரொம்பக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். காலையில் பழனிக்குப் போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும், நம் கால்தான் பலம் என்று நினைத்துக்கொள்வோம். மதியத்துக்கு மேல் திரும்பினால் அதே காற்று நெஞ்சில் கை வைக்கும். நானும் அந்த ரோட்டில் காலையில் வீரனாகப் போய், மாலையில் புளியமரம் புளியமரமாக எண்ணிக்கொண்டு வந்தவன்தான். இன்னொன்று, எங்கே நேரம் போனது என்று பாருங்கள். பெரும்பாலும் அது சைக்கிளில் போவதில்லை, நிற்குமிடத்தில் போகிறது. கன்ட்ரோலில் (வழியில் வந்துபோனதைப் பதிவு செய்யும் இடம்) கார்டில் முத்திரை, ஒரு செல்ஃபி, பரோட்டா வரும்வரை அரட்டை என்று ஓரிடத்துக்கு நாற்பது நிமிடம். ஐந்து இடத்தில் அதைப் பாதியாக்கினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கையில் நிற்கும். அதைத் தூக்கத்துக்குக் கொடுங்கள்.

அடுத்தது, கேலி. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, அதுவும் கேலி செய்த பக்கத்திலிருந்து.

பல வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், ஆறு பேர் இரவில் வெள்ளியங்கிரி ஏறினோம். அடிவாரத்துப் பூண்டியில் மூங்கில் தடி வாங்கும்போதே ஒரு நண்பனைப் பிடித்து ஓட்ட ஆரம்பித்துவிட்டோம், கொஞ்சம் தொப்பை அவனுக்கு. அவன் பின்தங்கும்போதெல்லாம் 'தண்ணியைக் குடிச்சிட்டு வாடா' என்போம். அவனும் குடித்தான். விடிவதற்குள் நாலைந்து லிட்டர் வெறும் தண்ணீர். உப்பாக எதுவும் உள்ளே போகவில்லை. ஐந்தாவது மலையில் வாந்தி எடுத்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'வண்டிச் சாவி எங்கே வெச்சேன், பெட்ரோல் போடணும்' என்றான். அப்போதுதான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது. டோலி கட்டி இறக்கினோம். ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். வியர்வையில் உப்பும் சேர்ந்து போகிறது, நாம் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தம் நீர்த்து மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். (நீங்களும் தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள், கூடவே உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள். ஓஆர்எஸ் என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், வாயில் கொட்டிக்கொள்ளக் கூடாது. வலி மாத்திரையை ரோட்டில் பங்கு போட்டு விழுங்கும் பழக்கம் உங்கள் குரூப்பில் இருந்தால் அதையும் விடுங்கள். உடம்பு வறண்டிருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.)

நண்பன் பிழைத்துக்கொண்டான். இரண்டாவது மலையிலேயே தலைவலி ஆரம்பித்துவிட்டது என்று பிறகு சொன்னான். ஏன்டா சொல்லவில்லை என்றதற்கு, 'சொன்னா ஓட்டுவீங்க' என்றான்.

எங்கள் யாருக்கும் அவன் மேல் துளி வெறுப்பு கிடையாது. உங்கள் நண்பர்களுக்கும் இருக்காது. நீங்கள் நடு ரோட்டில் தூங்கியது அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவரை, கெடுவுக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து சேர்ந்த கதாநாயகன் நீங்கள், 600-க்குத் தயங்குவது வெறும் சோம்பல். முதுகு வலி, ஆபீஸ் ஆடிட் என்று காரணம் சொன்னால் அடுத்த மாதம் இன்னொரு காரணம் தேட வேண்டும். குரூப்பில் நாலு வரி போடுங்கள்: 'ஜூன்ல கோமங்கலத்துல ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன். லாரிக்காரர் ஹாரன் அடிச்சதால இருக்கேன். 600 வரலை. ஜனவரில 300 இருந்தா நாலு பேரும் சேர்ந்தே போகலாம்.' கூடவே அந்த 39 மணி 40 நிமிடக் கணக்கையும் போடுங்கள். யாராவது சிரிக்கும் பொம்மை அனுப்பினால் அனுப்பட்டும்.

அந்த 300-க்கு முன்னால், ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள். யார் 'தூக்கம் வருது' என்று சொன்னாலும் நால்வரும் நிற்பது. ஏன் எதற்கு என்ற பேச்சு இல்லை. பெட்ரோல் பங்க்கிலோ பஸ் ஸ்டாப் நிழற்குடையிலோ, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைக் கழற்றாமல், அலாரம் வைத்து 20 நிமிடம் படுக்க வேண்டும். படுப்பதற்கு முன் ஒரு காபி குடித்தால், எழும்போது அது வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். முடித்த பிறகு வீட்டுக்குக் கார் ஓட்டுவது யார் என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். உங்கள் நால்வரில் ஒருவராக அது இருக்கக் கூடாது.

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் எங்கேயும் ஓடிவிடாது. 1891-இல் தொடங்கியது. இப்போது நான்கு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. 1,200 கி.மீ., 90 மணி நேரம். 2027 கைநழுவினால் 2031. அப்போது உங்களுக்கு ஐம்பதைத் தொட்டிருக்காது. முதலாவது இரண்டாவது என்ற பரிசே இல்லாத ஓட்டத்தில், நாற்பத்தொன்று வயதா என்ன?

மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார், அவருக்கு அந்த உரிமை உண்டு. குரூப்பில் போடுவதற்கு முன், பழனியில் காத்திருந்தாரே, அந்த நண்பரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவரும் அதே நாள் மூன்றரைக்கு எழுந்தவர்தான். உங்களை விட்டுப் போன பிறகு, அந்த இருட்டு ரோட்டில் அவருக்குக் கண் செருகியதா என்று கேட்டுப் பாருங்கள்.