பரிசோதனையில் ஒன்றுமில்லை, வலி மட்டும் இருக்கிறது

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் வசிக்கிறேன், வயது 41. கணவர் ஆழ்கடல் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சில ஆண்டுகளாக எனக்குப் பிடரியும் தோள்பட்டையும் கல்லாக இறுகிக்கொள்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் பிறகு உறக்கம் இல்லை. வயிறு அடிக்கடி கலங்குகிறது. ஐப்பசி பிறந்தால் இவை எல்லாமே கூடுகின்றன. இரத்தம், சர்க்கரை, தைராய்டு, இசிஜி, வயிற்று ஸ்கேன் என்று எல்லாம் எடுத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை என்கிறார்கள். வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவினால் சில நாள் குறைகிறது, பிறகு பழையபடியே ஆகிவிடுகிறது. ஒக்கிப் புயலின்போது கணவர் கடலில் இருந்தார். பல நாள் தகவல் இல்லாமல் இருந்து, பிறகு நல்லபடியாகத் திரும்பினார். "எல்லாம் உன் நினைப்புதான்" என்கிறார் மாமியார். அப்படியென்றால் இந்த வலி பொய்யா?

பதில்: பொய்யில்லை, சகோதரி. ஸ்கேனில் தெரிவது உறுப்பின் வடிவம். இரவு மூன்று மணிக்கு அந்த உறுப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது அதில் பதிவாவதில்லை. ஆனாலும் நீங்கள் முதலில் பரிசோதனைகளைச் செய்துகொண்டது சரியான வரிசை. இரத்தச்சோகையும் தைராய்டுக் கோளாறும் இதே படபடப்பையும் சோர்வையும் உறக்கக் கேட்டையும் தரக்கூடியவை. அவற்றை விலக்காமல் எல்லாவற்றையும் மன அழுத்தத்தின் தலையில் சுமத்துவதை நான் ஏற்பதில்லை.

ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு செய்த மறுநொடியே, அதை எதிர்கொள்ளவோ தப்பி ஓடவோ உடலை ஆயத்தப்படுத்தும் நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு விரைவாகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பெருங்குடல் மட்டும் அவசரம் காட்டுகிறது. சற்று நேரம் கழித்து கார்டிசால் என்னும் சுரப்பு அந்த நிலையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆபத்து நீங்கியதும் அடங்கிவிட வேண்டிய ஏற்பாடு இது. ஆனால், கணவர் கடலில் இருக்கிற வாரங்கள் முழுவதும் ஒரு கதவு பாதி திறந்தே கிடப்பதுபோல உங்கள் உடல் காத்திருக்கிறது. அதனால் இறுகிய தசை தளர்வதற்கே வேளை வாய்ப்பதில்லை. எண்ணெய் தடவியபின் கிடைக்கும் சுகம் உண்மையானதே. இறுக்கத்தைத் தூண்டும் காரணம் அப்படியே இருப்பதால்தான் அது நிலைப்பதில்லை.

மூன்று மணி விழிப்புக்கும் விளக்கம் இருக்கிறது. எல்லோருக்குமே இரவின் பிற்பாதியில் உறக்கம் மெலிதாகி, கார்டிசால் இயல்பாகவே ஏறத் தொடங்குகிறது. கவலையில்லாதவர் புரண்டு படுத்து உறங்கிவிடுவார். காவலிருக்கும் மனமோ அந்தச் சிறு விழிப்பைப் பற்றிக்கொண்டு, கைபேசியை எடுத்துப் பார்க்கச் சொல்கிறது.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தைப் பிடித்தது 'ஐப்பசி பிறந்தால்' என்ற சொற்கள். ஒக்கி நம் குமரி மாவட்டத்தை அடித்தது 2017 நவம்பர் 30 அன்று, கார்த்திகை மாதத்தின் நடுவில்; அந்த மழைப் பருவம் தொடங்குவது ஐப்பசியில். அஞ்சிக் காத்திருந்த நாட்களில் சுற்றிலும் இருந்த காற்றின் ஓசையையும் மேகக் கறுப்பையும் நேரங்கெட்ட நேரத்துத் தொலைபேசி மணியையும் மூளையின் அச்ச மையம் ஆபத்தின் அறிகுறிகளாகவே கற்றுக்கொள்கிறது. அவர் திரும்பி வந்துவிட்டார் என்பது உங்கள் அறிவுக்குத் தெரியும். ஆனால் அதே பருவம் அதே காற்றோடு வரும்போது, அறிவு யோசிப்பதற்கு முன்பே உடல் முந்திக்கொள்கிறது. இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் கடலோரத்தில் பலர் இப்படித்தான் தவித்தார்கள்.

ஆகவே 'எங்கே வலிக்கிறது' என்பதோடு நிற்காமல், 'எப்போது வலிக்கிறது' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நேரத்தையும், உடலில் தோன்றியதையும், அதற்குச் சற்று முன் நடந்ததையும் ஒரே வரியில் குறித்து வாருங்கள். வானிலை எச்சரிக்கை கேட்டபின் பிடரி இறுகுகிறதா, நகைக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய வாரத்தில் வயிறு கலங்குகிறதா, கணவரோடு பேசிய இரவில் நன்றாக உறங்குகிறீர்களா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். காலையில் தாடை வலித்தால் அதையும் எழுதுங்கள். உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது தெரிவதே இல்லை.

இறுக்கம் தொடங்குவதை உணர்ந்ததும் தோள்களைத் தாழ்த்தி, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். சில நிமிடம் போதும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடலின் இயல்பு, அதை நீட்டிக்கொள்கிறோம், அவ்வளவே. காப்பியும் தேயிலையும் பிற்பகலோடு நிற்கட்டும். இரவில் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணி ஒலித்தால் மட்டும் எடுப்பது, திரையைத் திறந்து தேடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பியக் கூட்டத்தில் (பங்கு ஆலயத்தின் அக்கம்பக்க வீட்டார் குழுவில்) உங்களைப் போலவே காத்திருக்கும் பெண்கள் இருப்பார்கள். அவர்களிடம் இதைப் பேசுங்கள். மாமியாரிடமும், அந்த நாட்களில் அவர் எப்படி உறங்கினார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்; ஆளைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த அனுபவம் அவருக்கும் உண்டு. வீட்டு வேலையே ஓடாத அளவுக்கு உறக்கமின்மை நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகுங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். எடை காரணமின்றிக் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் விடாமல் இருந்தாலோ அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறேன்; வயது 52, பீடிப் பழக்கம் உண்டு. மகள் திருமணக் கடன் நெருக்குகிறது. மேட்டில் ஏறும்போது நெஞ்சை யாரோ அமுக்குவதுபோல் இருக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. மன அழுத்தம்தானே?

பதில்: இல்லையென்று எண்ணித்தான் நீங்கள் இப்போது செயல்பட வேண்டும். மேலே சொன்ன 'எப்போது' என்ற கேள்விக்கு உங்கள் கடிதமே விடை தந்திருக்கிறது: கடன்காரர் வரும்போது இல்லாமல், மேடு ஏறும்போது வந்து, ஓய்வெடுத்தால் போகிற அமுக்கம், இதயத்துக்கு இரத்தம் போதாமல் போவதன் அடையாளமாக இருக்கக்கூடும். நாளைய பால்வெட்டை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி இத்தகைய வலியில் சரியாகவே இருந்துவிடலாம். அதனால் ஏறும்போது வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்பதை இதே சொற்களில் மருத்துவரிடம் சொன்னால், ட்ரெட்மில் (நடக்கவைத்து இசிஜி எடுப்பது) போன்ற அடுத்த சோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். அதற்குள் ஓய்விலும் வலி நிற்காமல், வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், பேருந்துக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.