கம்பளி காய்ந்திருக்கிறதா? ஹோம்ஸ்டே கேள்வி பதில்

குளிர்காலத்தில் மலையில் ஹோம்ஸ்டே நடத்துவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், நிறைய வந்திருக்கின்றன. நானும் வீட்டுக்காரரும் கோத்தகிரி பக்கம் நாலு அறை வைத்து நடத்துகிறோம், பன்னிரண்டு குளிர்காலம் பார்த்தாயிற்று. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, கோத்தகிரியில் பழைய ஓட்டு வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். மூன்று அறையை விருந்தாளிகளுக்கு விடலாம் என்று எண்ணம். டிசம்பர், ஜனவரி குளிரில் யார் வருவார்கள், ஏப்ரலில் திறந்தால் போதும் என்கிறார் கணவர். சரியா? (வாசகி, திருப்பூர்)

அவரிடம் சொல்லுங்கள், பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, மழைக்கு. கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் எந்த வளைவில் மண் சரியும், மேட்டுப்பாளையம் மலை ரயிலை என்றைக்கு நிறுத்துவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. 2009 நவம்பர் மண்சரிவில் நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்துபோனதை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. அந்த வாரங்களில் வரவேண்டியவர் வர முடியாமல் போனால் முன்பணத்தை முணுமுணுக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவரே பிப்ரவரியில் வருவார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையிலிருந்து பொங்கல் வரை அறை காலியாக இருக்காது. அதற்கப்புறம் வார நாளில் ஈ ஓட்ட வேண்டும், சனி ஞாயிறு ஆள் வரும். ஏப்ரல், மே கூட்டம் ஊட்டி பார்க்க வருகிற கூட்டம், ராத்திரி தூங்கத்தான் உங்கள் வீட்டுக்கு வரும். ஜனவரியில் வருகிறவர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார், நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று டீ குடிப்பார், அதனால் வீடு எப்படி இருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

இன்னொன்று. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிவு செய்ய ஒன்றிலிருந்து ஆறு அறை வரை இருக்கலாம், ஆனால் உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். நீங்கள் திருப்பூரில் இருந்துகொண்டு வாட்ச்மேன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டால் அதற்குப் பெயர் வேறு.

அறையைச் சூடாக வைப்பது எப்படி? ஒவ்வொரு அறைக்கும் ஆயில் ஹீட்டர் வாங்கலாமா? விருந்தாளிகள் சிலர் கரி அடுப்பு கேட்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

முதலில் கரி. அறைக்குள் கொடுக்காதீர்கள், கெஞ்சினாலும், கூடப் பணம் தருகிறேன் என்றாலும். கனிந்த கரியில் புகை இருக்காது, அதனால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் படுப்பார்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு அப்போதுதான் அறையை நிரப்பும். இப்படித் தூக்கத்திலேயே உயிர் போன செய்திகள் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன. கேஸ் கீசரும் இதே கதைதான், குளியலறைக்கு வெளியேதான் மாட்ட வேண்டும்.

ஹீட்டர் வாங்கலாம், ஆனால் 2000 வாட் என்றால் முழு வேகத்தில் மணிக்கு இரண்டு யூனிட், எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் பதினாறு யூனிட், மூன்று அறைக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நான் ஏழு மணிக்குப் போட்டு அறையைச் சூடேற்றி, படுக்கும்போது அணைக்கச் சொல்லிவிட்டு, மெத்தைக்கு மேல் விரிக்கிற மின்போர்வை கொடுக்கிறேன். ஹீட்டர் இழுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட அது இழுக்காது.

இதையெல்லாம் விட முக்கியமானது ஈரம். முதல் வருஷம் எனக்கு இது தெரியவில்லை. புது ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை), புது ஹீட்டர், எல்லாம் இருந்தும் ஒரு குடும்பம் ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தது. நவம்பர் மூடுபனியை மூன்று வாரம் குடித்துக்கொண்டு அந்த ரஜாய் அலமாரியிலேயே கிடந்திருக்கிறது, கை வைத்தால் ஜில்லென்று இருக்கும், அது குளிரா ஈரமா என்று கைக்குத் தெரியாது. இப்போது ஒரு சோதனை செய்கிறேன்: வெந்நீர்ப் பையைக் கம்பளிக்கு அடியில் பத்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்து, அந்த இடத்தில் ஒரு கைக்கண்ணாடியை வைத்து மூடினால், ஈரம் இருந்தால் கண்ணாடியில் ஆவி படியும். படிந்தால் மறுநாள் வெயில். வெயில் என்றால் பத்தரை மணிக்கு மேல் போட்டு மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் பனி இறங்கி, காய்ந்ததெல்லாம் வீணாகிவிடும்.

கணப்பு இருக்கிற பழைய வீடு என்றால் விறகுக்கும் இதே விதி. சீகையோ (வாட்டில் மரம்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), மாசி பங்குனியிலேயே வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் கூரைக்கடியில் அடுக்குங்கள். டிசம்பரில் அவசரத்துக்கு வாங்குகிற பச்சை விறகு புகையும், சூடு தராது. மூட்டுவதற்கு முன் புகைக்கூண்டுக்குள் பறவைக் கூடு இருக்கிறதா என்று ஆள் விட்டுப் பார்த்துவிடுங்கள்.

காலை இட்லி கல்லாக வருகிறது. மாவு பொங்குவதே இல்லை. என்ன செய்வது? (வாசகி, குன்னூர்)

குன்னூர்க்காரரே கேட்டால் நான் என்ன சொல்வது! சரி, என் வழியைச் சொல்கிறேன். கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவுக்கு இங்கே டிசம்பரில் பதினாறு மணி நேரம் கொடுக்க வேண்டும், அதனால் முந்தைய நாள் மதியமே அரைத்தாக வேண்டும். கடைசியில் ஒரு கை அவல், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், உப்பைப் போட்டுக் கையாலேயே கலக்குவது, பழைய மாவு ஒரு கரண்டி. பிறகு பெரிய அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடி, பழைய கம்பளியால் சுற்றி அடுப்படி மூலையில் வைத்துவிடுவேன். படுக்கப் போகும்முன் தண்ணீரை ஒருமுறை மாற்றுவேன். வீட்டுக்காரர் இதை மாவுக்குத் தாலாட்டு என்பார்.

அப்படியும் சில நாள் பொங்காது. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காமல் அடை வார்த்துவிடுங்கள், அடைக்குப் புளிப்பு வேண்டியதில்லை. ராகிக் களியும் அவரைக் குழம்பும் வைத்தால் இட்லியை யாரும் கேட்பதில்லை, எங்களுக்கு உதவிக்கு வருகிற படுகர் அக்கா கற்றுக்கொடுத்தது. (ஹெத்தையம்மன் பண்டிகைக்கு, டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில், அவர் லீவு. அந்த நாட்களில் இரண்டு அறைக்கு மேல் நான் எடுப்பதே இல்லை.)

தட்டை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். ஜில்லென்ற எவர்சில்வர் தட்டில் தோசை விழுந்தால் இரண்டு நிமிடத்தில் அட்டை. தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காவிட்டால் தாளிக்கும் நேரத்தில் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும்.

கீசர் சரியில்லை என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். புதுசுதான். (வாசகர், கொடைக்கானல்)

கீசர் சரியாகத்தான் இருக்கும், தொட்டித் தண்ணீர்தான் பனிக்கட்டி மாதிரி. 15 லிட்டர், 2000 வாட் கீசர் 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 18 நிமிடம் எடுக்கும், 10 டிகிரியில் ஆரம்பித்தால் 26 நிமிடம். இது ஒருவர் குளிக்க. ஒரே அறையில் நாலு பேர் என்றால் நாலாமவர் திட்டத்தான் செய்வார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் விறகு பாய்லர் இருக்கிறது, காலை ஐந்தரைக்கு மூட்டி, கேட்பவர்களுக்கு வாளியில் கொடுத்துவிடுவோம். வாளி வெந்நீருக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

கேம்ப்ஃபயர் போடலாமா? (வாசகர், கோவை)

முற்றத்தில் போடலாம், ஒன்பதரைக்குத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். சிப்ஸ் பாக்கெட், சிக்கன் எலும்பு எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. எங்கள் பக்கம் எண்ணெய் வாசனைக்கே கரடி வந்து சமையலறைக் கதவைப் பெயர்த்துவிடும். காட்டெருமை தேயிலைக்குள் நிற்பது இருட்டில் தெரியாது, டார்ச் அடித்துப் போட்டோ எடுக்கக் கிளம்புகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள், வாடகை கொடுத்தவர் என்று பார்க்காதீர்கள்.

உறைபனி இல்லை என்று ஒருவர், குளிர் தாங்கவில்லை என்று இன்னொருவர், இருவருமே ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள். என்ன பதில் எழுத? (வாசகி, ஊட்டி)

பதில் எழுதிப் புண்ணியமில்லை, வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில் புல் வெள்ளையாகிற காலையிலும் மேட்டில் இருக்கிற வீட்டில் பனித்துளி மட்டும்தான் இருக்கும், அதுவும் வானம் தெளிந்து காற்று அசையாத ராத்திரிக்கு மறுநாள்தான் இந்தக் காட்சி. இதெல்லாம் விருந்தாளிக்கு எப்படித் தெரியும்? பணம் வந்ததும் நான் அனுப்புகிற வாட்ஸ்அப் இதுதான், வேண்டுமானால் ஊர்ப் பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

“வணக்கம். இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம், மாவட்டத்தில் தடை. ராத்திரி நன்றாகவே குளிரும், வீடு ஹோட்டல் மாதிரிச் சூடாக இருக்காது. எங்கள் வீட்டில் உறைபனி விழாது, பார்க்க வேண்டுமானால் காலை ஐந்தரைக்குக் காரில் கிளம்ப வேண்டும், ஃப்ளாஸ்கில் டீ தருகிறோம். பெரியவர்கள் வந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், வெயில் விழுகிற அறையை ஒதுக்குகிறோம். சாக்ஸ் மறந்துவிட்டால் கவலை வேண்டாம், துவைத்துக் காயவைத்தது எங்களிடம் இருக்கிறது.”