நடுவில் இரட்டைத்தலைக் கழுகு இருக்கும் சிவப்புச் சிலுவை: அது என்ன, எப்படி மதிப்பிடுவது?

பழைய சாமான்களோடு வந்த ஒரு ஜெர்மன் பதக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: சிவப்பு எனாமல் சிலுவை, நடுவில் இரண்டு தலைக் கழுகு, பின்பக்கம் வட்டமாக எழுத்துகள், 1914 என்ற ஆண்டு. அசலாக இருந்தால், அது ல்யூபெக் நகரம் முதல் உலகப் போரில் வழங்கிய ஹான்சா சிலுவை.

அன்றைய ஜெர்மன் பேரரசுக்குள் 25 அரசுகள் இருந்தன. பிரஷ்யா, பவேரியா போன்ற முடியரசுகளும் குட்டிச் சமஸ்தானங்களும் தத்தம் பெயரில் பதக்கம் கொடுத்தன. ஹாம்பர்க், ப்ரெமன், ல்யூபெக் மூன்றும் மன்னர் இல்லாத வணிக நகரங்கள்; ஹான்சா என்ற பழைய வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்தவை. 1915இல் மூன்றும் ஒரே வடிவச் சிலுவையை ஏற்படுத்தின. பின்பக்க வாசகமும் ஒன்றே: 'ஃப்யூர் ஃபெர்டீன்ஸ்ட் இம் க்ரீகெ 1914', அதாவது போரில் ஆற்றிய சேவைக்காக. ஊரைச் சொல்வது நடுச்சின்னம்தான். கோட்டை வாயில் ஹாம்பர்க், சாவி ப்ரெமன், கழுகு ல்யூபெக். மூன்றில் சிறிய ஊர் ல்யூபெக். அது கொடுத்த எண்ணிக்கையும் குறைவு. சேகரிப்பவர்கள் அதைத் தேடுவது இதனால்தான்.

பலரும் பழமையை வைத்து விலை போடுகிறார்கள். அது தவறான கணக்கு. பிரஷ்யாவின் போர்ப் பதக்கமான இரும்புச் சிலுவையில், 1914ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்பு மட்டும் சுமார் 50 இலட்சம் பேருக்குப் போனது. முதல் உலகப் போரின் நினைவாக 1934இல் வந்த ஹிண்டன்பர்க் சிலுவையோ 80 இலட்சத்தையும் தாண்டியது. இரண்டும் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன.

இனி அசலா என்ற கேள்வி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கழுகின் இறகுகளைப் பாருங்கள். அச்சில் அடித்த பதக்கத்தில் கோடுகள் கூர்மையாக இருக்கும். வார்த்தெடுத்த போலியில் அவை மழுங்கியிருக்கும். பள்ளங்களில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும். பிறகு விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எனாமல் என்பது உருக்கிய கண்ணாடி. ஒளி அதன் உள்ளிருந்து வரும். போலிகளில் பூசும் செயற்கைச் சாயத்தில் அந்த ஆழம் இராது. சிலுவைக் கைகளின் நுனியில் எனாமல் சில்லு பெயர்ந்திருந்தால் விலை வெகுவாக இறங்கும். பதக்கம் தொங்கும் நாடாவைப் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் நாடா பிற்காலத்தது. அதனால் மட்டும் பதக்கம் போலியாகிவிடாது. நாடாவைப் பலரும் மாற்றியிருப்பார்கள்.

எக்காரணம் கொண்டும் தேய்க்காதீர்கள். நான் வாங்கிய முதல் இரும்புச் சிலுவையின் வெள்ளி விளிம்பைப் பாலீஷ் போட்டுப் பளபளக்க வைத்தேன். நூறாண்டுக் கருமை பத்து நிமிடத்தில் போனது. விற்கக் கொண்டுபோனபோது வியாபாரி அதைக் கையில்கூட எடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விலைக்கு, இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் தொகையை நம்பாதீர்கள். ஏல நிறுவனங்களில் உண்மையில் விற்று முடிந்த தொகைகளைத் தேடிப் பாருங்கள். பதக்கத்தோடு வழங்கல் சான்றிதழ் இருந்தால் மதிப்பே வேறு: பெயர், படைப்பிரிவு, தேதி தெரிந்துவிட்டால் அந்தச் சிலுவைக்கு ஒரு மனிதர் கிடைத்துவிடுகிறார். ஆகவே அது வந்த பெட்டியை இன்னும் எறியாமல் இருந்தால், அடியில் விரித்திருக்கும் தாளை இன்றே தூக்கிப் பாருங்கள்.