உங்கள் அப்பாருவின் கோப்பு அழியவில்லை, எழுத்துருதான் இல்லை

வணக்கமுங்க. 2003-இல் உங்கள் அப்பாரு அடித்து வைத்த கோயில் கணக்கு, புது லேப்டாப்பில் வேர்டில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது என்றீர்கள். கோப்பு கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும், அவ்வளவுதான்.

'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக வந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, அதன் மேல் வலது கிளிக் செய்து நிறுவுங்கள். வேர்டை மூடித் திறந்தால் சரியாகிவிடும். வேறு ஏதாவது வந்தால், பழைய கணினி பரணில் கிடக்கிறதா பாருங்கள். அதிலிருந்தே எழுத்துருவை எடுத்துவிடலாம்.

அப்புறம் ஒரு நகல் எடுத்து, அதை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி வையுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் இதற்கென்றே உள்ள இலவச மென்பொருள். மூலக் கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று உங்கள் அப்பாரு எழுத்தளவை 24 ஆக்கினாராமே! அப்படிச் செய்தால் அச்செடுக்கையில் பக்கம் கூடிப்போகும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டச் சொல்லுங்கள். திரையில் மட்டும் பெரிதாகும். என் அப்புச்சிக்கு இதைப் பழக்க இரண்டு நாள் ஆனது. இப்போது கோபிச்செட்டிபாளையத்திலிருந்து போன் போட்டு எனக்கே சொல்லித் தருகிறார்.